ஆற்றல் பிரமிடு ஏன் தலைகீழாவதில்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாங்குநேரிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஓர் ஆலமரம், அதில் ஆயிரம் பூச்சிகள். உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் எத்தனை உயிர்கள் என்று அடுக்கிக் காட்டும் எண்ணிக்கைப் பிரமிடு தலைகீழாகும் என்று சொன்னேன். "அப்போ ஆற்றல் பிரமிடும் தலைகீழா ஆகும்லா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஆகாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று விளக்க முடியவில்லை. குளத்தங்கரையில் ஏதாவது அளந்து காட்ட வழி உண்டா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பிள்ளையின் கேள்வி அருமையானது. எண்ணிக்கையும் எடையும் இந்த நொடியின் இருப்பு. ஆற்றல் பிரமிடு காட்டுவதோ ஓட்டம்: ஒரு சதுர மீட்டரில், ஓர் ஆண்டில், இத்தனை கிலோஜூல். பாடத்தில் 'ஓர் ஆண்டில்' என்பது விழுந்துபோவதால்தான் குழப்பம்.

இட்லிக்கடையைச் சொல்லுங்கள். கொப்பரையில் ஓர் ஈட்டுக்கு 20 இட்லி. கடையில் 40 பேர். எப்போது எட்டிப் பார்த்தாலும் ஆள்தான் அதிகம். ஆனால் நாள் முழுக்க இறங்கிய ஈடுகளைக் கூட்டினால், வெந்ததைவிட ஓர் இட்லிகூடக் கூடுதலாக யாரும் தின்றிருக்க முடியாது. நீர்நிலைகளில் தாவர மிதவை உயிரிகள் (நீரில் மிதக்கும் நுண்பாசிகள்) அந்தக் கொப்பரை மாதிரி. ஓரிரு நாளில் இரட்டிப்பாகும், உடனுக்குடன் தின்னப்படும். அதனால் சில நேரம் அவற்றின் எடை, அவற்றைத் தின்னும் விலங்கு மிதவை உயிரிகளின் எடையைவிடக் குறைந்து, எடையை வைத்து வரையும் உயிர்த்திரள் பிரமிடு கவிழும். ஆற்றல் பிரமிடு கவிழாது.

இதைக் குளத்துப் புல்லில் அளக்கலாம். ஒரு மீட்டர் பிவிசி குழாய் நான்கும் எல்போ நான்கும் சேர்த்தால் சதுரம் தயார். ஆடு மேயும் இடத்தில் ஆறு சதுரம் குறியுங்கள். எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் பச்சை செழித்த இடமாகவே பார்த்து வைப்பார்கள். ஆறிலும் புல்லைத் தரையொட்டி அறுத்துவிடுங்கள். மூன்றைச் சுற்றிச் சீமைக் கருவேல முள் கட்டுங்கள், மேலே மூட வேண்டாம். நிழல் விழுந்தால் புல் சரியாக வளராது. 30 நாள் கழித்து ஆறையும் அறுத்து நிறுங்கள். பனி உலர்ந்தபின் அறுத்து, அறுத்த கையோடு அங்கேயே நிறுக்க வேண்டும். பனி ஈரம் எடையைக் கூட்டும், வாடல் குறைக்கும்.

வேலிக்குள் இருப்பது ஒரு மாத உற்பத்தி. வெளியே மிஞ்சியது இருப்பு. வித்தியாசம், ஏறக்குறைய, மேய்ந்தது. (மேய்ந்த புல்லும் மேயாத புல்லும் ஒரே வேகத்தில் வளராது; அதனால்தான் 'ஏறக்குறைய'.) வெளிச் சதுரத்தை மட்டும் பார்த்தால், இந்தக் கட்டாந்தரை எப்படி ஒரு மந்தைக்குத் தீனி போடுகிறது என்று தோன்றும். பக்கத்து வேலி பதில் சொல்லும்.

வெட்டுக்கிளியையும் சேர்ப்பதானால் விடியற்காலையில் போங்கள். குளிரில் அவை மந்தமாக இருக்கும். சதுரத்தில் கொசுவலை கட்டி இரண்டடி தள்ளி நின்று போடுங்கள். கிட்டப் போனால் துள்ளிவிடும். பத்தாகச் சேர்த்து எடை பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

ஒரு படியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்னும் பத்து சதவீத விதி, சூழலியலாளர் லிண்டமன் 1942இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது சராசரிதான், கூடும் குறையும். மீதி 90 'வீண்' என்று எழுதவிடாதீர்கள். ஒரு பங்கு சுவாசத்தில் வெப்பமாகப் போகிறது; சாணமும் தின்னாமல் மடிந்ததும் சிதைப்பவற்றுக்கு உணவு.

வெப்பமாகப் போன ஆற்றல் திரும்பாது, சத்து திரும்பும். இதற்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. நாரைகள் சுற்றுவட்டக் குளங்களில் மீன் தின்றுவிட்டு இங்கே எச்சமிடுகின்றன. எச்சம் கலந்த அந்தக் குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. உணவுச் சங்கிலியில் அம்புக்குறியை மீனிலிருந்து நாரைக்குப் போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் நாரையிலிருந்து மீனுக்குப் போடுவார்கள், தின்பது நாரைதானே என்று. அம்பு ஆற்றல் போகும் திசை.