பதிவு ஓடும்போது படம் தடைப்படுகிறதா? பொக்ஸை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

கேள்வி (பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகி): எங்கள் வீட்டுக் கூரையில் டிஷ் அன்ரனாவும், யூஎஸ்பி வழியாகப் பதிவு செய்யக்கூடிய சாதாரண ரிசீவர் பொக்ஸும் இருக்கின்றன. இந்தியாவின் இலவச அலைவரிசைகளையே பார்க்கிறோம். அம்மா நேரத்துக்கு நித்திரைக்குப் போய்விடுவதால், இரவு நிகழ்ச்சிகளை ஒரு பென்ட்ரைவிலும் பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கிலும் மாறி மாறிப் பதிந்து மறுநாள் காலையில் போட்டுக் காட்டுகிறேன். சில மாதங்களாகப் பதிவு ஓடும்போது படம் நின்று நின்று போகிறது. உதடு அசைவும் குரலும் ஒத்துப்போவதில்லை. சில பதிவுகள் பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. ஒன்றிரண்டு, பட்டியலில் பெயர் இருந்தும் திறக்கவில்லை. நேரடியாகப் பார்க்கும்போது ஒரு குறையும் இல்லை. கடையில் பொக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் தம்பி, தான் அங்கே பாவிக்கும் அன்ரனா ரெக்கோடரை அனுப்பிவிடட்டுமா என்று கேட்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: பொக்ஸை இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் எல்லாம் ஒரே கோளாற்றின் விளைவுகள் போலத் தெரிந்தாலும், அவற்றுள் சில பதியும் வேளையில் நேர்ந்தவை, சில ஓட்டும் வேளையில் நேர்பவை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் எதை மாற்றினாலும் பணம்தான் வீணாகும். புதிய பொக்ஸிலும் அதே குறை தொடர்வதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

பிரித்தறிவதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. குறையுள்ள பதிவு ஒன்றைப் போட்டு, படம் நிற்கும் இடத்தைத் திரையில் தெரியும் நேரக் கணக்கைக் கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 12 நிமிடம் 40 செக்கன். பிறகு இரண்டு நிமிடம் பின்னால் கொண்டுபோய் மறுபடி ஓடவிடுங்கள். பொக்ஸை முழுதாக நிறுத்தி, ஆறவிட்டு, வேறொரு நேரத்தில் இன்னொரு முறையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே செக்கனில் படம் கெட்டால், கெட்டிருப்பது பெரும்பாலும் கோப்பு (டிஸ்க்கிலேயே பழுது இருப்பதும் உண்டு; அதைப் பின்னால் பார்ப்போம்). ஒரு முறை 12ஆம் நிமிடத்திலும் அடுத்த முறை 19ஆம் நிமிடத்திலும் நின்றால் கோப்பு நன்றாகவே இருக்கிறது; அதை வாசித்து ஓட்டும் வழியில்தான் தடை. ஒரு பதிவை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், பென்ட்ரைவில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டிலும் பார்ப்பது நல்லது.

நேரடியாகப் பார்க்கும்போது குறையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பயனுள்ள தகவல்தான், ஆனால் அது சொல்வது நீங்கள் நினைப்பதை விடக் குறைவு. நேரடி ஒளிபரப்பு ஹார்ட் டிஸ்க்கின் பக்கமே போவதில்லை. ஆகவே பொக்ஸின் படம் விரிக்கும் பகுதியும், எச்டிஎம்ஐ வயரும், தொலைக்காட்சிப் பெட்டியும் நன்றாக இருக்கின்றன என்பது மட்டும் அதிலிருந்து உறுதியாகிறது. பகலில் பார்த்துவிட்டு, இரவு பதியும் நேரத்திலும் சிக்னல் அதே தரத்தில்தான் இருக்கும் என்று கொள்ள முடியாது. ஓரிரவாவது பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னால் இருந்து பார்த்து, மறுநாள் அதே பகுதியைப் பதிவில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில், கோப்பே கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எப்படிக் கெட்டிருக்கிறது என்று திரையை உற்றுப் பார்க்க வேண்டும். படம் சதுரம் சதுரமாக உடைந்து, குரல் கீச்சிட்டு அல்லது துண்டுபட்டுப் பிறகு சரியாகிறதா? அது சிக்னலின் குறை. மாறாக, படம் உடையாமல் தெளிவாகவே இருந்து, பேசிக்கொண்டிருந்தவர் ஒரு வசனத்தின் நடுவிலிருந்து அடுத்த வசனத்துக்குத் தாவிவிடுகிறாரா? அது எழுதும் வேகம் போதாமல் விடுபட்ட பகுதி. இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சிக்னலின் குறை ஏன் இப்படித் தெரிகிறது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. எங்கள் மூத்தவர்கள் அன்ரனாவை இராமேஸ்வரம் பக்கம் திருப்பித் தூரதர்ஷன் பார்த்த அனலொக் காலத்தில், சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். ஆனாலும் படம் ஏதோ ஒரு அளவில் தெரிந்துகொண்டிருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பு அப்படியல்ல. படமும் ஒலியும் 188 பைட் கொண்ட சிறு பொதிகளாக வருகின்றன. டிவிபி-எஸ் எனப்படும் சாதாரணச் செய்மதி ஒளிபரப்பு முறையில் ஒவ்வொரு பொதியுடனும் மேலும் 16 பைட் திருத்தத் தகவல் சேர்த்து அனுப்பப்படுவதால், ஒரு பொதியில் 8 பைட் வரை பிழைபட்டாலும் பொக்ஸ் அதைத் தானே திருத்திக்கொள்ளும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்த எல்லையைப் பிழைகள் தாண்டியதும் பொதி முழுதும் பயனற்றுப் போகிறது. ஆகவே விளிம்பில் நிற்கும் ஒரு சிக்னல் பகலில் குறையற்ற படத்தைக் காட்டிவிட்டு, இரவு மழையில் திடீரென்று உடைவதில் வியப்பில்லை. உடைந்த பொதிகளும் அப்படியே பதியப்படுகின்றன. பிறகு எந்தக் கருவியில் ஓட்டினாலும் அவை திருந்தப்போவதில்லை.

பொக்ஸின் அமைப்புப் பட்டியலில் சிக்னலுக்கு இரண்டு கோடுகள் காட்டப்படும்: ஒன்று வலிமை, மற்றது தரம். பலரும் வலிமைக் கோட்டைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். உங்களுக்கு வேண்டியது தரக் கோடு. அது நிலையாக நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா என்று சில நிமிடங்கள் கவனியுங்கள். வலிமை நிறைந்திருந்தும் தரம் ஆடினால் பெரும்பாலும் டிஷ் சற்றுத் திரும்பியிருக்கும், அல்லது இணைப்புகள் பழுதாகியிருக்கும்.

கடற்கரையோரம் இருக்கும் உங்கள் வீட்டில் நான் முதலில் சந்தேகிப்பது இணைப்புகளைத்தான். பொக்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எல்என்பியில் (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்து சிக்னலை வாங்கும் பகுதி) கேபிள் திருகப்பட்டிருக்கும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் நிற்கும் கம்பி பளபளப்பாக இருக்க வேண்டும். அது கறுத்தோ, பச்சை பூத்தோ, உப்பு வெள்ளையாகப் படிந்தோ இருந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி, புது கனெக்ரர் போட வேண்டும். சுரண்டித் துடைத்து மறுபடி மாட்டுவது நிலைக்காது, ஏனென்றால் அந்தக் கம்பி பல கேபிள்களில் செம்பு பூசிய உருக்குத்தான். பூச்சு போனால் துரு உள்ளே இறங்கும். வெளிப்பின்னல் கறுத்து ஈரமாக இருந்தால், நல்ல நிறம் தெரியும் வரை கேபிளை வெட்டிக்கொண்டே போக வேண்டும். படத்தைக் கொண்டுவரும் இந்தக் கேபிள் வழியாகவே பொக்ஸ் 13 அல்லது 18 வோல்ற் மின்சாரத்தை எல்என்பிக்கு அனுப்புகிறது. ஆகவே இணைப்புப் பழுதானால் வரும் சிக்னலும் கெடும், போகும் மின்சாரமும் குறையும். புது இணைப்பைத் தானாக ஒட்டிக்கொள்ளும் இறப்பர் நாடாவால் சுற்றி, கேபிளைச் சிறிது தொய்வாக வளைத்துவிடுங்கள். மழைநீர் இணைப்புக்குள் போகாமல் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

டிஷ் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கையும் தருகிறேன். நீங்கள் பார்ப்பது இந்தியாவின் இலவசச் செய்மதிச் சேவையான டிடி ஃபிரீ டிஷ் என்றால், அது கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதியிலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும்போது அந்தச் செய்மதி தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் நிற்கிறது. அதாவது தலைக்கு மேல் வெகுதூரம் இல்லை. இவ்வளவு உயரத்தில் இருப்பதால் அயல் வளவின் பனையும் தென்னையும் பெரும்பாலும் மறைக்காது. ஆனால் கூரையை ஒட்டி வளர்ந்த மாமரக் கிளை மறைக்கலாம். வாடைக்காற்றுக் காலத்தில் டிஷ்ஷின் தாங்கி சற்று அசைந்தாலே தரம் விழுந்துவிடும். அதை நிமிர்த்துவதை அளவுமானி வைத்திருக்கும் ஒருவரிடம் விடுவதே நல்லது.

அடுத்து, படம் உடையாமல் தாவுகிற வகை. சாதாரணத் தரத்தில் வரும் ஓர் அலைவரிசை செக்கனுக்கு 4 மெகாபிட் என்று கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.8 ஜிபி ஆகிறது. எந்தப் பென்ட்ரைவுக்கும் இது எளிது என்று தோன்றும். மலிவான பென்ட்ரைவுகளின் வேகம் தொடக்கத்தில் நன்றாக இருந்து, தொடர்ந்து எழுத எழுதச் சூடேறி விழுந்துவிடுகிறது. இடையிடையே ஒரு செக்கனுக்கும் மேல் அது எதையும் வாங்காமல் நிற்கும்போது பொக்ஸின் சிறிய நினைவகம் நிரம்பி வழிகிறது. தொடர் பதிவுக்குப் பென்ட்ரைவைப் பாவிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பட்டியலில் பெயர் இருந்தும் திறக்காத பதிவுகள் பென்ட்ரைவில் உள்ளவையா என்று பாருங்கள். 128 ஜிபி என்று வெளியே அச்சிட்டு, உள்ளே 16 ஜிபி மட்டுமே வைத்திருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. உண்மையான கொள்ளளவு முடிந்த பிறகு அவை எழுதுவது போலக் காட்டும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் பென்ட்ரைவை முழுதாக எழுதி வாசித்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். சோதிக்குமுன் உள்ளிருப்பவற்றை வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

பாதியில் முடியும் பதிவுகளுக்கு, அவை எந்த இடத்தில் முடிகின்றன என்பதே துப்பு. கோப்பின் அளவு ஒவ்வொரு முறையும் 4 ஜிபிக்குக் கிட்ட நின்றால், டிஸ்க், கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஃபாட் 32இல் ஃபோர்மட் செய்யப்பட்டிருக்கிறது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன வேகத்தில் அது ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். சில பொக்ஸ்கள் அந்த இடத்தில் அடுத்த துண்டைத் தாமே தொடங்கும், சில நிறுத்திவிடும். உங்கள் பொக்ஸ் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபாட் முறையை ஏற்குமானால் அதற்கு மாற்றிவிடுங்கள்.

முடியும் நேரம் ஒவ்வொரு நாளும் வேறுபட்டால் மின்சாரத்தைப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் கோப்பு முறைப்படி மூடப்படாமல் நின்றுவிடும். மின்வெட்டே இல்லாத இரவில்கூட, கிணற்று மோட்டர் தொடங்கும் கணத்தில் வோல்ற்றளவு சற்று விழுகிறது. பழைய அடப்டர் அதைத் தாங்காவிட்டால் பொக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும், ஹார்ட் டிஸ்க் மட்டும் ஒரு கணம் துண்டிக்கப்பட்டு மறுபடி சேரும். தண்ணீர் இறைக்கும் நேரமும் பதிவு நின்ற நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் ரூட்டருக்கென்று பலரும் வாங்கிய சிறிய யூபிஎஸ், பொக்ஸின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ற்றளவைத் தந்து, அம்பியரும் அதற்குக் குறையாமல் இருந்தால் இங்கேயும் உதவும்.

இனி, நிற்கும் இடம் முறைக்கு முறை மாறுகிறது என்றால், கோப்பில் குறையில்லை. முதற் சந்தேகம் பழைய மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கின் மேல். யூஎஸ்பி 2.0 துவாரம் தர வேண்டியது 500 மில்லி அம்பியர். சுழலும் டிஸ்க் ஒன்று தொடங்கும் கணத்தில் இதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இழுக்கக்கூடும். மின்சாரம் போதாதபோது டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்கும், விளக்கு அணைந்து எரியும். தனி அடப்டர் கொண்ட யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் போட்டால் இது தீர்ந்துவிடும். அப்படியும் தீராமல், ஒரே இடத்தில் பல செக்கன் திக்கிப் பிறகு தாவினால் டிஸ்க்கிலேயே பழுதுபட்ட பகுதி உண்டு. அதை நம்பி இருக்க வேண்டாம். நேரடி நிகழ்ச்சியை நிறுத்திவைத்துப் பிறகு தொடர்ந்து பார்க்க உதவும் டைம்ஷிஃப்ட் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அது நீங்கள் கேட்காமலே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். எழுதுவதும் வாசிப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் பழைய டிஸ்க் திணறும்.

உதடும் குரலும் ஒத்துப்போகாததைத் தனி நோயாகக் கருத வேண்டாம். படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி நேர முத்திரைகள் உண்டு. இடையில் பொதிகள் விடுபடும்போது சில பொக்ஸ்கள் இரண்டையும் மறுபடி சேர்க்கத் தவறுகின்றன. நிறுத்தி, பத்துச் செக்கன் பின்னால் போய் ஓடவிட்டதும் சரியாகிவிட்டால், மேலே சொன்ன குறைகளைத் தீர்த்ததும் இதுவும் பெரும்பாலும் நின்றுவிடும்.

தம்பியின் ரெக்கோடரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வட அமெரிக்காவில் வீட்டு அன்ரனாவுக்கு வரும் ஒளிபரப்பு ஏடிஎஸ்சி என்ற வேறு முறையில் அமைந்தது. அந்தக் கருவி உங்கள் டிஷ்ஷின் சிக்னலையும் ஏற்காது, இங்குள்ள தரைவழி ஒளிபரப்பையும் பிடிக்காது. அவர் உதவ விரும்பினால் தனி அடப்டருடன் வரும் நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்றை அனுப்பட்டும்.

டிஸ்க்கை ஃபோர்மட் செய்வதற்கு முன் ஒன்று. ஃபோர்மட் செய்தால் உள்ளிருக்கும் எல்லாம் போய்விடும். அம்மா வைத்திருக்க விரும்பும் பதிவுகளை முதலில் கணினிக்குப் பிரதி செய்து, விஎல்சி மென்பொருளில் திறந்து பாருங்கள். பொக்ஸ் திறக்க மறுத்த, முறைப்படி மூடப்படாத பதிவுகளும் அதில் பல வேளைகளில் ஓடும். நல்ல பதிவுகள்கூட விஎல்சியில் ஓடாமல் பொக்ஸில் மட்டும் ஓடினால், அந்தப் பொக்ஸ் தனக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டிப் பதிகிறது என்று கொள்ளலாம். அப்படியானால் அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் காலம் வரை பொக்ஸையும் கைவிட முடியாது. பழைய டிஸ்க்கை ஃபோர்மட் செய்யாமல் அப்படியே எடுத்துவைத்துவிட்டு, இனிவரும் பதிவுகளைப் புது டிஸ்க்கில் தொடங்குங்கள்.