பட்டறைப் பக்கம்: வெளியே சொட்டாத ஒழுக்கு

கேள்வி: அண்ணே, ஜொகூரில் என் மச்சானின் டுரியான் தோட்டத்தில் கிடந்த பழைய பெட்ஃபோர்டு லாரியை இரண்டு வருடமாகச் சனி ஞாயிறுகளில் போய்ச் சரிசெய்து வருகிறோம். முன்பு வைத்திருந்தவர் அதில் பெர்க்கின்ஸ் 6.354 இன்ஜின் மாற்றியிருக்கிறார். டாங்கியிலிருந்து வரும் டீசல் குழாய் எல்லாம் புதிது. பிளம்பர் வேலை பார்க்கும் நண்பர் செம்பில் அழகாகப் போட்டுத் தந்தார். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில்தான் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிவிடுகிறது. கீழே ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுக்கலாமா? (வாசகர், யீஷூன்)

பதில்: பம்பைத் தொடாதீர்கள், தம்பி. 1960இல் வந்த அருமையான இன்ஜின் அது. 354 கன அங்குலம் என்பதால்தான் அந்தப் பெயர். இங்கே சிங்கப்பூரில் லாரிக்கு ஆயுள் 20 வருடம்தான், அதனால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கடற்பாலம் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது.

உங்கள் நண்பரைக் குறை சொல்லவில்லை. வீட்டுக் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு வருகிறது, மூட்டு சரியில்லை என்றால் சொட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். லாரியில் டாங்கி கீழே, இன்ஜின் மேலே. லிஃப்ட் பம்பு டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அந்த வழியில் மூட்டு தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓடும்போது பம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். ராத்திரி நிறுத்தி வைத்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் மெதுவாக டாங்கிக்கே இறங்கிவிடும். காலையில் நீங்கள் வெறும் குழாயை வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கிறீர்கள்.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி: லிஃப்ட் பம்புக்குள் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, புது ஹோஸ் ஒன்றை மாட்டி, சுத்தமான டீசல் கேனுக்குள் விடுங்கள். கேன் தரையில் இருக்கவேண்டும். உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி, இருக்கும் கோளாற்றையும் மறைத்துவிடும். ஓட்டி நிறுத்திவிட்டு, மறுநாள் காலை முதல் அடியிலேயே பிடித்தால் குற்றம் செம்புக் குழாயில். அப்போதும் பிடிக்காவிட்டால் லிஃப்ட் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் போட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள். பார்த்ததும் எடுத்துவிடுங்கள், அந்த ஹோஸ் டீசலில் ஊறினால் நாளாக ஆக விறைத்துப்போகும்.

என் ஊகம், குற்றம் செம்பில்தான். டீசலுக்குச் செம்பு ஆகாது. டீசலைச் சீக்கிரம் கெட வைத்துப் பிசின் கட்டும். அதிர்வில் செம்பு இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் முடி போல விரிசல் விடும். நாகப் பூச்சுள்ள (துத்தநாகம் பூசிய) இரும்பும் வேண்டாம். 1981இல் நான் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, பட்டறை டீசல் டிரம்முக்கு வீட்டுத் தண்ணீர்க் குழாயை மாட்டினேன். சில மாதத்தில் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே சோப்புக் கூழ். ஃபோர்மன் அதில் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "போய்க் கை கழுவிக்கொள்" என்றார். நாகமும் டீசலும் சேர்ந்தால் வருவது உண்மையிலேயே ஒருவகை சோப்புதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே பூச்சில்லாத தையலற்ற இரும்புக் குழாய், 8 மி.மீ. சேசிஸில் ஒரு அடிக்கு ஒரு கிளிப். இன்ஜின் ஆடும், சேசிஸ் ஆடாது. அதனால் கடைசி ஒரு முழம் டீசல் ஹோஸாக இருக்கட்டும். ஜாலான் புசார் கடைகளில் நட்டு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அரை அங்குலத்தில் பிரிட்டிஷ் குழாய்த் திரெட்டுக்கும் அமெரிக்கக் குழாய்த் திரெட்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், ஆனால் கோணம் வேறு, அடைக்காது. வெள்ளை டேப்பைச் சுற்றிச் சமாளிக்கவேண்டாம். அதன் துணுக்கு போய் உட்காரும் இடம் பம்புதான்.

கடைசியில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது லிஃப்ட் பம்பின் கை லீவர் தொளதொளவென்று இருந்தால் உடைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். உள்ளே பம்பைத் தள்ளும் கேம் மேடாக நிற்கிறது, இன்ஜினை ஒரு சுற்றுத் திருப்பினால் லீவர் வேலை செய்யும். முதலில் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்ஷன் பம்பின் காற்று விடும் வெண்ட் ஸ்க்ரூக்கள், கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகள்.

கேள்வி: ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் எங்கும் கிடைக்கவில்லை. இரும்பில் வளைத்துப் போடலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: தாராளமாக. எக்ஸாஸ்ட் செய்யும் இடத்தில் வளைத்துத் தருவார்கள். நடுவில் இரும்பு, இரண்டு முனையிலும் சின்ன ரப்பர் துண்டு. முனை வழவழப்பாக இருந்தால் ஹோஸ் நழுவிவிடும், 3 மி.மீ கம்பியை வளையமாகச் சுற்றிப் பற்றவைத்து அரத்தால் தேய்த்துவிடுங்கள். மேலே உள்ளதைவிடக் கீழ் ஹோஸ்தான் தொல்லை, ஏனென்றால் வாட்டர் பம்பு அந்தப் பக்கம் உறிஞ்சுகிறது. நீளமான மெத்தென்ற ரப்பர் போட்டால் வேகத்தில் சப்பிப்போய் இன்ஜின் சூடேறும். இரும்பு போட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

அப்புறம் மூடி. பழைய ரேடியேட்டருக்கு 7 பிஎஸ்ஐ அழுத்த மூடி என்றால் 7தான். கடையில் கிடைத்தது என்று 13 போட்டு, ஈயப் பற்றுகள் பிரிந்து வந்த ரேடியேட்டரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இன்ஜெக்டர் குழாய் ஒன்று இடிக்கிறது. வெட்டிக் குட்டையாக்கலாமா? (வாசகர், ஜூரோங்)

பதில்: கூடாது. எல்லாம் ஒரே நீளம், ஒரே துளை. அதை நம்பித்தான் டைமிங், அதாவது டீசல் பாயும் நேரம். கசிகிறதா என்று விரலை வைத்தும் பார்க்காதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும். வலியே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய காயம் அது.

கேள்வி: ஐயா, பழைய டீசல் டாங்கியில் ஓட்டை. "பெட்ரோல்தான் வெடிக்கும், டீசல் வெடிக்காது" என்று சொல்லி என் கணவர் தானே வெல்டிங் வைக்கப் பார்க்கிறார். (வாசகி, புக்கிட் பாத்தோக்)

பதில்: தரையில் கொட்டிக் கிடக்கும் டீசல் தீக்குச்சிக்குச் சட்டென்று பற்றாது, அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார். வெல்டிங் சூட்டில் உள்ளே ஒட்டிய டீசல் ஆவியாகும், டாங்கியோ மூடிய பாத்திரம். காலி டாங்கி நிறைந்த டாங்கியைவிட மோசம், அம்மா. கழற்றி, வெந்நீரும் சோப்பும் விட்டுப் பலமுறை அலசி, டாங்கி பற்றவைப்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவரை வெல்டிங் கேபிளை எடுத்து உங்கள் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.