கோவில்பட்டி நாயும் ஊட்டிக் குளிரும்

கேள்வி: அக்டோபரில் கோவில்பட்டியிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். கூடவே நாலு வயது சிப்பிப்பாறை நாய் சூரனும், பத்து வயது ஆண் பூனை மணியும். டிசம்பர் பிறந்ததிலிருந்து சூரன் ராத்திரி முழுக்க நடுங்குகிறான், காலையில் வெளியே போகவே மாட்டேன் என்று கதவோரம் உட்கார்ந்துவிடுகிறான். மணி அடுப்பு மேடையைவிட்டு இறங்குவதில்லை, மூக்கும் ஒழுகுகிறது. நாயைப் பின்பக்க ஷெட்டில்தான் கட்ட வேண்டும் என்பது வீட்டு ஓனரின் உத்தரவு. மாமியார் பிராந்தி ஒரு ஸ்பூன் கொடு என்கிறார். பக்கத்து வீட்டில் கரிச்சட்டி வைக்கச் சொல்கிறார்கள். பேசாமல் சூரனை ஊருக்கே அனுப்பிவிடலாமா?
வாசகி, தலைக்குந்தா

பதில்: அனுப்ப வேண்டாம். ஆனால் பிராந்தி, கரிச்சட்டி இரண்டையும் இன்றைக்கே மறந்துவிடுங்கள். மலையில் இத்தனை வருஷம் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்ததில், வெறும் குளிரால் மோசமானவற்றைவிடக் குளிருக்கு வீட்டில் செய்த கைவைத்தியத்தால் மோசமானவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் சூரன். கரிசல் காட்டு வெயிலில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம் சிப்பிப்பாறை. ரோமம் ஒட்டினாற்போல் குட்டை, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு கிடையாது, தோலுக்குக் கீழே கொழுப்பும் பெயருக்குத்தான். விலா எலும்பு தெரிவதுதான் அதற்கு அழகு என்று ஊரில் சொல்வோமே, அந்த அழகுதான் ஊட்டியில் அதற்கு எதிரி. பக்கத்து வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டு வெளியே சுகமாகத் தூங்குகிறதே என்று ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அது கம்பளிக் கோட்டோடு பிறந்தது.

அப்புறம், நீங்கள் குடி வந்திருக்கும் இடம். ஊட்டியில் உறைபனி என்று செய்தியில் படம் வந்தால் வெள்ளை வெளேரென்று கிடப்பது பெரும்பாலும் உங்கள் தலைக்குந்தா புல்வெளிதான். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வீட்டுக்குள்ளும் அதே கதைதான், குளிர் தேங்குவது தரையில். நாம் கட்டிலில் ரஜாய்க்குள் படுத்துக்கொண்டு, 'அவ்வளவு ஒன்றும் குளிரில்லையே' என்போம், நாய் படுத்திருக்கும் சிமெண்ட் தரையில் உள்ளங்கையை ஐந்து நிமிடம் அழுத்தி வைத்துப் பாருங்கள், தெரியும். அதனால் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். ஒரு பழைய பலகையை நாலு விரல் உயரத்துக்குச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அதன் மேல் இரண்டு உருளைக்கிழங்குச் சாக்கு, அதற்கும் மேல் பழைய கம்பளி. கதவிடுக்குக் காற்று நேரே அடிக்காத மூலையாக இருக்கட்டும். நாய் சுருண்டு படுத்தால் அதன் உடம்புச் சூடே அந்த இடத்தைக் கதகதப்பாக்கிவிடும், அதனால் படுக்கை ரொம்பப் பெரிதாக வேண்டாம். மலையில் எதுவும் லேசில் காயாது, கம்பளியைத் தினமும் வெயிலில் போட்டு எடுங்கள். ஈரக் கம்பளிக்கு வெறும் சாக்கே மேல்.

ஷெட் விஷயத்தில் ஓனரிடம் குளிரைப் பற்றிப் பேசாதீர்கள், எடுபடாது. சிறுத்தையைப் பற்றிப் பேசுங்கள். நீலகிரியில் சிறுத்தை ராத்திரியில் குடியிருப்புக்குள் வருவது பெரும்பாலும் நாய்க்காகத்தான், கட்டிப் போட்ட நாய் என்றால் அதற்கு ஓடக்கூட வழியில்லை. ஷெட்டில் நாயைக் கட்டுவது வீட்டு வாசலுக்குச் சிறுத்தையை விருந்துக்கு அழைப்பது மாதிரி என்று சொன்னால், அவரும் அதே காம்பவுண்டில்தானே இருக்கிறார், யோசிப்பார். இருட்டியதும் நாய், பூனை இரண்டும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், இதில் பேரமே கிடையாது.

ஸ்வெட்டர் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், போடுங்கள். லேப்ரடாருக்கெல்லாம் ஸ்வெட்டர் மாட்டிப் படம் எடுப்பது நம் ஆசைக்கு. சிப்பிப்பாறைக்கு அது நிஜமாகவே தேவை. குழந்தையின் பழைய ஸ்வெட்டரில் கையைப் பாதியாக வெட்டி, பக்கம் பார்த்து மாட்டினால் போதும் என்று என் மனைவி ஒருமுறை எனக்குச் சொல்லிக்கொடுத்தார், எனக்கு இன்னும் எந்தப் பக்கம் என்று குழப்பம்தான். நீங்கள் முன் கால் இடுக்கை மட்டும் கவனியுங்கள், அங்கேதான் உரசிப் புண்ணாகும். பனிப்புல்லில் நனைந்துவிட்டால் உடனே கழற்றுங்கள், ஈர ஸ்வெட்டர் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது. பகலில் வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள், மலை வெயில் குளிர்காலத்திலும் சுரீரென்று இருக்கும்.

காலையில் ஸ்வெட்டரோடு இரண்டு நிமிடம் சிறுநீருக்கு மட்டும் வெளியே விட்டு உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள், நடைக்குப் புல்லில் பனி உருகியபின் போனால் போதும். சாப்பாட்டைக் கால் பங்கு கூட்டுங்கள், நடுங்குவதற்கும் தீனி வேண்டுமே. (இதைப் படிக்கும் குண்டு நாய்க்காரர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடவும்.) தண்ணீர் வெதுவெதுப்பாக. குளிப்பாட்டுவதை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்து, அதையும் வெயிலான மத்தியானத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிராந்தி. குடித்தால் உடம்பு சூடாகிற மாதிரி இருப்பது, உள்ளே இருக்கும் ரத்தம் தோலுக்கு வருவதால். தோலுக்கு வந்த சூடு அங்கேயே நிற்காது, வெளியே போய்விடும், கடைசியில் உடம்பு முன்பைவிடக் குளிர்ந்துதான் போகும். போதாததற்கு நாய்க்குச் சாராயம் விஷம். மாமியாரிடம் சண்டை வேண்டாம், 'டாக்டர் திட்டுகிறார்' என்று என் மேல் போடுங்கள்.

கரிச்சட்டி இன்னும் மோசம். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கரி நன்றாகக் கனிந்து புகை நின்றுவிட்டதே என்று கதவைச் சாத்துவார்கள், ஆபத்து ஆரம்பிப்பதே அப்போதுதான். மலையில் அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். இது நாய்க்கான யோசனை மட்டுமில்லை, உங்கள் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சூடு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ரப்பர் வெந்நீர்ப் பை போதும், கெட்டித் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, படுக்கையின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள், சுட்டால் நகர்ந்துகொள்ள மறு ஓரம் இருக்க வேண்டும். நான் ஒரு ராத்திரி சோம்பலில் துண்டு சுற்றாமல் என் கிழட்டு நாயின் இடுப்போடு வைத்துவிட்டேன், மூட்டு வலிக்காரன், நகர முடியாமல் அப்படியே கிடந்திருக்கிறான். கை பொறுக்கும் சூடுதான், ஆனால் மூன்றாம் நாள் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து வந்தது. டாக்டர் வீட்டு நாய்!

மணிக்கு வருவோம். பூனை கேட்பது உயரம், இருட்டு, சூடு மூன்றும்தான், அடுப்பு மேடையில் அதில் இரண்டு கிடைக்கிறது. அதைவிட நல்லதாக ஒன்று கொடுத்தால் இறங்கிவிடும். அட்டைப்பெட்டியில் பூனை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, உள்ளே உங்கள் பழைய ஸ்வெட்டரை (துவைக்காதது, உங்கள் வாசனை இருக்க வேண்டும்) விரித்து, ஃப்ரிட்ஜ் மேலே வைத்துப் பாருங்கள். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. மீனை லேசாகச் சுடவைத்துக் கொடுத்தால் வாசனை எழும்பும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்தபின் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், ஆவியில் எதுவும் கலக்கக் கூடாது.

குறிப்பாக நீலகிரித் தைலம். ஊட்டியில் தடுக்கி விழுந்தால் தைலக் கடைதான், சளி என்றதும் கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போகும். பூனையின் நெஞ்சில் தடவினால் அது நக்கியே உள்ளே இறக்கிவிடும், அதன் கல்லீரலுக்கு அதை முறிக்கத் தெரியாது. எச்சில் ஒழுகத் தள்ளாடிக்கொண்டு வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன், அறைக்குள் நுழையும்போதே தைல வாசனை அடிக்கும், என்ன ஆச்சு என்று கேட்கவே வேண்டியதில்லை. பாராசிட்டமால் அதைவிடக் கொடுமை, நாம் போட்டுக்கொள்ளும் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். பாதியும் வேண்டாம், கால் பாகமும் வேண்டாம்.

ஆண் பூனை என்கிறீர்கள், இன்னொன்றும் உண்டு. குளிருக்கு வெளியே போகச் சோம்பி அடக்கி வைக்கும், தண்ணீரும் குறைவாகக் குடிக்கும், ஒருநாள் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் ஒரு தட்டில் மணல் வைத்துவிடுங்கள். முக்கி முக்கி உட்கார்ந்து ஒரு சொட்டும் வரவில்லையென்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, மூக்குச் சளி மஞ்சளாகிவிட்டது என்றாலும் அப்படியே.

சூரனுக்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், முதல் தடவை முறைப்பான். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் கவலையில்லை. 99க்குக் கீழே போனால் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். நடுங்குகிற நாயைவிட, நடுங்கிக்கொண்டிருந்து திடீரென்று நடுக்கம் நின்று சோர்ந்து படுத்த நாய்க்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சூடாகிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள், நடுங்குவதற்கே தெம்பில்லை என்று அர்த்தம்.

பலகையும் ஸ்வெட்டரும் வந்த ஒரு வாரத்தில் நடுக்கம் குறைய வேண்டும், குறையாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். வெயில் ஏறும் மாதத்தில் கம்பளியை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைப்பீர்கள், அப்போது அந்துருண்டை போடாதீர்கள், அதுவும் இவை இரண்டுக்கும் விஷம். காய்ந்த வேப்பிலை போதும், கோவில்பட்டியிலிருந்து யாராவது வரும்போது ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள்.