துவைத்தால் கரையும் அச்சுச் சாயம்: காரத்தைக் கவனியுங்கள்

கேள்வி: பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயத்தால் கட்டை அச்சு போடுகிறேன். காயவைத்து இஸ்திரி போட்டு, உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தும் முதல் துவைப்பிலேயே சாயம் போகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் வினிகரை விடுங்கள். ரியாக்டிவ் சாயம் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பில் சேர்கிறது. அதற்குக் காரம் வேண்டும். வினிகரோ அமிலம். பட்டு, கம்பளிக்கான அமிலச் சாயங்களுக்குத்தான் அது உதவும். உப்பு, தொட்டியில் முக்கிச் சாயமேற்றும்போது தேவை. அச்சில் அதற்கு வேலை இல்லை.

சரி, கலவையில் காரம் சேர்க்கிறீர்களா? ஒரு கிலோ அச்சுக் கலவைக்கு 25 கிராம் சமையல் சோடாவும் 100 முதல் 150 கிராம் யூரியாவும் போடுங்கள். சமையல் சோடா மென்மையான காரம் என்பதால் கலவை சீக்கிரம் கெடாது. நீராவிச் சூட்டில் அது கரியமில வாயுவை வெளியேற்றிச் சலவைச் சோடாவாக மாறும். அப்போதுதான் காரம் ஏறிச் சாயம் பிடிக்கும். சரியான நேரத்தில் விழித்துக்கொள்ளும் இந்தக் குணத்துக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும். யூரியா ஈரத்தை இழுத்து வைக்கும். ஈரமில்லாமல் சாயம் நூலுக்குள் போகாது. கலவையைக் கெட்டியாக்க ஸ்டார்ச் வேண்டாம், சாயம் அதோடும் வினைபுரிந்துவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்தான் சரி.

காய்ந்த துணியை நீராவியில் வையுங்கள். ஆலைகளில் 102 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம் போதும். சிறு பாத்திரத்தில் அரை மணி நேரமாவது விடுங்கள். நீர்த்துளி விழாதபடி பழைய துணியில் சுற்றி வையுங்கள். இஸ்திரிப் பெட்டி ஓரிடத்தில் சில நொடிதான் நிற்கும், அந்தச் சூடு போதாது.

நீராவி வசதி இல்லையென்றால், ரியாக்டிவ் சாயங்களிலேயே வினைல் சல்ஃபோன் என்ற வகையாக வாங்குங்கள். காரமில்லாமல் அச்சிட்டு, காய்ந்ததும் சோடியம் சிலிக்கேட் என்ற காரக் கரைசலைத் தூரிகையால் பூசி இரவு முழுவதும் விடலாம். கையுறை கட்டாயம். சாயப்பொடியை அளக்கும்போது முகக்கவசமும் போடுங்கள். அந்தத் தூள் மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

அப்புறம், எல்லாம் சரியாகச் செய்தாலும் கொஞ்சம் சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். அது நூலோடு சேராது, துணியிலிருந்து வெளியே போயே ஆகவேண்டும். முதலில் நிறையக் குளிர்ந்த நீரில் அலசிக் காரத்தைப் போக்குங்கள். காரம் இருக்கும்போதே கொதிக்கவைத்தால் பிடித்த சாயமும் விட்டுப்போகலாம். பிறகு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள சோப்பு நீரில் 10 நிமிடம் வைத்து அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் மிச்சம் இருப்பது தெரிந்துவிடும்.

ஏற்கெனவே அச்சிட்டு, இன்னும் நனைக்காத துணிகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வினைல் சல்ஃபோன் சாயம் என்றால் சிலிக்கேட் பூசிக் காப்பாற்றலாம்.