குமாவுன் ஏரிகளும் மலையூர்களும்: கேட்டதும் சொன்னதும்

ஹல்த்வானியில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். மலையடிவாரத்து ஊர் அது. சனிக்கிழமை மதியம் கிளம்பினால் மாலை டீ ஏதாவது ஓர் ஏரிக்கரையில்தான். அதை நம்பி உத்தராகண்டின் குமாவுன் பகுதி பற்றிக் கேட்டவர்களுக்கு, தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அப்போது நைனிதால் போனால் பனிமலை தெரியுமா சார்?

குளிர் கிடைக்கும். பனிமலை உங்கள் அதிர்ஷ்டம். ஏப்ரல் முதல் மழை வரும்வரை அங்கே பைன் காடுகளின் தரையெல்லாம் காய்ந்த ஊசியிலை. ‘பிரூல்’ என்பார்கள். ஒரு பொறி போதும். 2024 ஏப்ரலில் நைனிதாலைச் சுற்றிக் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டுபோய் ஊற்றின. அவ்வளவு பெரிய தீ இல்லாவிட்டாலும் அந்த மாதங்களில் புழுதியும் புகையும் சேர்ந்து வடக்குப் பக்கம் ஒரு சாம்பல் திரையாக நிற்கும்.

மலை தெளிவாகத் தெரிவது மழை ஓய்ந்தபின், அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முடியும்வரை. தீபாவளி லீவோடு இரண்டு நாள் சேர்க்க முடிந்தால் சேருங்கள். மார்ச்சும் நன்றாக இருக்கும், அப்போது புராஞ்ச் மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மண் சரிந்து சாலை மூடிக்கொள்ளும்.

சென்னையிலிருந்து ரயிலில் போக நல்ல வழி?

டெல்லி வரை எந்த வண்டியும் சரி. அங்கிருந்து காத்கோதாம். குமாவுன் மலைக்கு இந்தப் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன் அதுதான், 1884-லிருந்தே ரயில் வருகிறது. பழைய டெல்லியிலிருந்து இரவில் கிளம்பும் ராணிகேத் எக்ஸ்பிரஸ் விடியும் நேரத்தில் இறக்கிவிடும். புது டெல்லியிலிருந்து காலையில் சதாப்தி உண்டு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காலையில் இறங்கி அதே காலை சதாப்தியைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், கைக்கு எட்டாது. பகலை டெல்லியில் கழித்துவிட்டு இரவு வண்டி ஏறுவதுதான் நிம்மதி.

காத்கோதாமிலிருந்து நைனிதால் சுமார் 35 கிலோமீட்டர், பீம்தால் 20-க்குச் சற்று மேல். ஸ்டேஷன் வாசலிலேயே ஷேர் டாக்ஸிக்காரர்கள் ஊர் பெயரைக் கூவிக்கொண்டு நிற்பார்கள்.

தங்குவதற்கு நைனிதாலா, பீம்தாலா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நான் பீம்தால் கட்சி. முடிந்தால் அதற்கும் 4 கிலோமீட்டர் தள்ளி நௌகுச்சியாதால்.

காரணம் சொல்கிறேன். நைனிதாலில் மால் ரோடு ஒன்றுதான் ஊரின் முதுகெலும்பு. ஏரியின் மேல்முனை மல்லிதால், கீழ்முனை தல்லிதால், இரண்டையும் இணைக்கும் முக்கியச் சாலை அது. சீசனில் வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தி ஷட்டிலில் ஏற்றி அனுப்பும் நாட்களும் உண்டு. ஹோட்டல் வாடகையோ கேட்கவே வேண்டாம். ஒருமுறை ‘ஏரி தெரியும் அறை’ என்று சொல்லிக் கூடுதல் பணம் வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தேன். இரண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே, ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கையளவு பச்சையாக ஏதோ மின்னியது. அதுதான் ஏரியாம்.

பீம்தால் ஏரி நைனிதாலைவிடப் பெரியது, நடுவில் ஒரு தீவும் அதில் மீன் காட்சியகமும் உண்டு. ஆனாலும் கூட்டம் அவ்வளவாக இல்லை. உயரம் குறைவு, கிட்டத்தட்ட 1,370 மீட்டர். அதனால் குளிரும் கொஞ்சம் குறைவு. அங்கே தங்கிக்கொண்டு, ஒரு வேலைநாளில் காலை ஏழு மணிக்கெல்லாம் நைனிதால் போய்விட்டு மாலையில் இறங்கிவிடுங்கள். சனி, ஞாயிறில் மட்டும் வேண்டாம்.

ஊட்டியும் கொடைக்கானலும் பலமுறை பார்த்தாச்சு. நைனிதால் ஏரியில் அப்படி என்ன புதுசு?

ஊட்டி ஏரி 1820-களில் சல்லிவன் வெட்டியது, கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்ச் கட்டியது. நைனிதால் ஏரியை யாரும் வெட்டவில்லை. பூமியின் மேலோடு நகர்ந்து பிளந்த பள்ளத்தில் தண்ணீர் நின்றது. சிவனின் மனைவி சதி தேவியின் கண் விழுந்த இடம் என்பது உள்ளூர் நம்பிக்கை. வடகரையில் இருக்கும் நைனா தேவி கோயிலின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

ஷாஜகான்பூரில் சர்க்கரை வியாபாரம் செய்த பாரன் என்ற ஆங்கிலேயர் 1841-இல் இங்கே வந்தார். நிலம் தனக்குச் சொந்தம் என்று நர்சிங் என்பவர் உரிமை கொண்டாட, பாரன் அவரைப் படகில் ஏற்றி நடு ஏரிக்குக் கூட்டிப்போய், எழுதிக் கொடுக்கிறாயா, தண்ணீரில் தள்ளவா என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கியதாகக் கதை. பத்திரப்பதிவு அலுவலகம் மிதந்த ஊர் வேறெங்கும் இருக்காது!

அப்புறம் 1880 செப்டம்பர் 18. இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு வடக்குச் சரிவு அப்படியே இறங்கியது. 151 பேர் இறந்தார்கள், ஒரு பெரிய ஹோட்டலும் பழைய கோயிலும் போயின. மல்லிதாலில் இன்று பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் ‘ஃபிளாட்ஸ்’ மைதானம் அந்தச் சரிவில் வந்த மண் சேர்ந்து அகன்ற இடம். அதற்குப் பிறகுதான் மலைச்சரிவெங்கும் கல் வடிகால்களை வரிசையாகக் கட்டினார்கள். நடந்து போகும்போது படிக்கட்டுப் போல இறங்கும் அந்தக் கால்வாய்களைக் கவனியுங்கள். ஊர் இன்னும் நிற்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. குப்பை அடைத்துக் கிடப்பதைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

அம்மாவுக்கு 68 வயது. உயரத்தில் மூச்சுத் திணறுமா?

அம்மா ஊட்டிக்குப் போயிருக்கிறாரா? ஊட்டி 2,240 மீட்டர். நைனிதால் ஏரி மட்டம் சுமார் 1,940 தான். ஊட்டியில் தாங்கியவருக்கு இங்கேயும் சிரமம் இருக்காது. இதய, நுரையீரல் கோளாறு இருந்தால் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான எதிரி முழங்கால். இங்கே எல்லா வீடும் ஹோட்டலும் சரிவில். ‘சாலையிலிருந்து இரண்டே நிமிடம்’ என்றால் அறுபது படி என்று பொருள். வண்டி வாசல் வரை வருமா, அறை எத்தனை படி என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு முன்பதிவு செய்யுங்கள். பனிமலை பார்க்கும் ஸ்னோ வியூ மேட்டுக்கு ரோப்வே இருக்கிறது, அம்மா சுகமாகப் போய்வரலாம்.

டிஃபின் டாப் போகலாமா?

நைனிதாலின் அந்தக் காட்சி மேட்டில் எல்லோரும் ஏறி நின்று படம் எடுத்த டோரத்தி சீட் என்ற கல் மேடை 2024 ஆகஸ்ட்டில் சரிந்து விழுந்துவிட்டது. பழைய வீடியோவை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பனிமலை பார்க்க முக்தேஷ்வரா, கௌசானியா?

நாள் குறைவு என்றால் முக்தேஷ்வர், நைனிதாலிலிருந்து 50 கிலோமீட்டர். ஆப்பிள், பீச் தோட்டங்கள் நிறைந்த ராம்கர் வழியாகப் போங்கள். மேலே சிவன் கோயில், அதன் பின்னால் ‘சௌலி கி ஜாலி’ என்ற செங்குத்துப் பாறை. 1893 முதல் அங்கே கால்நடை ஆராய்ச்சிக்கூடம் இயங்குகிறது. மாட்டு நோய்க் கிருமிகளைக் கையாள்வதற்கு ஊரை விட்டு ஒதுங்கிய, குளிர்ந்த இடம் தேவைப்பட்டதால்தான் இந்தக் காட்டு மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நாள் இருந்தால் கௌசானி. அல்மோராவிலிருந்து இன்னும் 50 கிலோமீட்டர் உள்ளே. திரிசூல் 7,120 மீட்டர், நந்தா தேவி 7,816 மீட்டர், கிழக்கே பஞ்சசூலி என்று வரிசையாக நிற்கும். காந்தி 1929-இல் தங்கி, கீதைக்கான தம் உரையின் முன்னுரையை எழுதியது இங்கேதான். அந்த வீடு இன்று அனாசக்தி ஆசிரமம். இந்தி கவிஞர் சுமித்ரானந்தன் பந்த் பிறந்த ஊரும் இதுவே.

எங்கே போனாலும் அலாரம் வைத்து எழுந்திருங்கள். முதலில் சிகர நுனியில் மட்டும் தணல் மாதிரி ஒரு புள்ளி. அது மெல்ல வழிந்து இறங்கி, ஆரஞ்சு மஞ்சளாகி, டீ ஆறுவதற்குள் முழுமலையும் வெள்ளையாகிவிடும். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிட்டால், கூட வந்தவரிடம் ‘அங்கேதான் இருந்தது’ என்று கை காட்ட வேண்டியதுதான்.

பறவை பார்ப்பதில் ஆர்வம். எங்கே தங்கலாம் அண்ணா?

சாத்தால், தம்பி. ‘சாத்’ என்றால் ஏழு, ‘தால்’ என்றால் ஏரி. ராம, லட்சுமண, சீதா தால்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. கருட தால், நளதமயந்தி தால் போன்றவை சற்றுத் தள்ளி. பாஞ்ச் ஓக் மரக்காடு ஏரி வரை இறங்கி வரும். கீழே ஒரு சிற்றோடைப் பள்ளத்துக்குப் பறவைக்காரர்கள் ‘ஸ்டுடியோ’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பேசாமல் உட்கார்ந்தால் போதும், குளிக்கவும் குடிக்கவும் ஒவ்வொன்றாக வரும். முழ நீள வாலைத் தூக்கிக்கொண்டு பறக்கும் நீல மாக்பையை முதல் நாளே பார்த்துவிடலாம். படகுத்துறைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

கைஞ்சி தாம் ஒரு மணி நேரத்தில் முடியுமா?

தரிசனம் முடியும். சாலை முடியாது. நீம் கரோலி பாபா ஆசிரமம் இருப்பது பவாலியிலிருந்து அல்மோரா போகும் நெடுஞ்சாலையிலேயே, ஓடை ஓரத்தில். சில வருடங்களாகக் கூட்டம் எகிறிவிட்டது. அந்த வழியாகக் கடந்து போகிறவர்களும் அதே நெரிசலில் நிற்க வேண்டும். விடியற்காலையில் போய்விடுங்கள். ஜூன் 15 ஆண்டு விழா, அன்று அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

சாப்பாடு? அப்பாவுக்குச் சோறு இல்லாமல் ஆகாது.

அப்பாவுக்குக் குமாவுன் வீட்டுச் சாப்பாடு பிடித்துப்போகும், அவர்களும் மதியம் சோறுதான். ‘பட்’ என்ற கறுப்பு சோயாவை வறுத்துக் கொதிக்கவிட்ட சுட்கானி, சோற்றில் பிசைய ஏற்றது. தொட்டுக்கொள்ள ஆலு கே குட்கே, அதாவது உருளைக்கிழங்கு வறுவல். ‘மடுவா’ என்று ரொட்டி போடுவார்களே, அது நம் கேழ்வரகேதான். பாங், அதாவது கஞ்சாச் செடியின் விதைச் சட்னி என்றதும் பயப்பட வேண்டாம், விதையில் போதை கிடையாது.

மால் ரோட்டில் இதெல்லாம் எளிதில் கிடைக்காது. தங்குமிடத்தில் முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள். அல்மோரா போனால் பால் மிட்டாய் வாங்காமல் வராதீர்கள். கோவாவைக் கருக்கக் காய்ச்சித் துண்டு போட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரை மணிகளை ஒட்டியிருப்பார்கள்.

வளைவில் எனக்கு வாந்தி வரும். என்ன செய்ய?

முன் சீட்டில் உட்காருங்கள், போனைப் பையில் போடுங்கள், ஸ்டேஷனில் பூரி சாப்பிடாதீர்கள். மாத்திரை போடுவதென்றால் வண்டி ஏறுவதற்கு அரைமணி முன்னால். டிரைவரிடம் ‘தீரே சலோ, பையா’ என்று கூச்சப்படாமல் சொல்லலாம். சீட்டைக் கழுவுவதைவிட மெதுவாக ஓட்டுவது அவருக்கும் மேல்.

ஆறு நாள் இருக்கிறது. ஒரு திட்டம் போட்டுக் கொடுங்களேன்.

பீம்தால் அல்லது நௌகுச்சியாதாலில் மூன்று இரவு. அதில் ஒருநாள் நைனிதால், ஒருநாள் சாத்தால், ஒருநாள் சும்மா. அப்புறம் முக்தேஷ்வரில் இரண்டு இரவு. கடைசி நாள் இறங்கி காத்கோதாமில் ரயில். ராணிகேத், கௌசானி, ஜாகேஷ்வர் எல்லாம் இதில் திணிக்காதீர்கள். டாக்ஸிக்காரர் ஒரே நாளில் பன்னிரண்டு ‘பாயின்ட்’ காட்டுகிறேன் என்பார். அதில் பாதி இடம் அவருக்கே நினைவில் இருக்காது.

நௌகுச்சியாதாலின் ஒன்பது மூலைகளையும் ஒரே இடத்திலிருந்து பார்த்தால் மோட்சம் என்கிறார்களே, நீங்கள் பார்த்தீர்களா?

கரையைச் சுற்றி நடந்தும் பார்த்தேன், படகிலும் போய்ப் பார்த்தேன். அதிகபட்சம் ஆறு. ஏழாவது என்று நான் கை நீட்டியது பக்கத்திலிருக்கும் தாமரைக் குளம் என்று படகுக்காரர் சிரித்தார். அவர் முப்பது வருடமாகத் துடுப்புப் போடுகிறாராம். உங்களுக்கு எத்தனை தெரிந்தது என்று கேட்டேன். ஐந்து என்றார்.