பருவுக்குக் கடுமையான மருந்து: கலியாணத்துக்கு முன் எடுக்கலாமா?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

கேள்வி: எனக்கு 29 வயது. கொள்ளுப்பிட்டியில் உள்ள ஓர் அலுவலகத்தில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். பத்து வருடங்களாகத் தாடையோரத்திலும் கன்னங்களிலும் வலியுடன் கூடிய பெரிய பருக்கள் வந்து, குழிவிழுந்த தழும்புகளை விட்டுச் செல்கின்றன. பூச்சு மருந்துகளுடன் டொக்ஸிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை இரண்டு தடவைகள் எடுத்தும் பலன் நிலைக்கவில்லை. இப்போது தோல் நோய் நிபுணர் ஐசோட்ரெட்டினோயின் எழுதித் தந்துள்ளார். என் நிறை 55 கிலோ. வருகிற தை மாதத்தில், அதாவது இன்னும் எட்டு மாதங்களில், எனக்குத் திருமணம். இந்த மருந்தை எடுத்தால் பின்பு பிள்ளை தங்காது என்று அம்மா தடுக்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, உங்கள் அம்மாவின் பயத்தில் பாதி சரி, பாதி பிழை. இந்த மருந்தை எடுத்து முடித்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் பிள்ளை தங்காது என்பதற்கு ஆதாரம் இல்லை. மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கடந்த பின் தரிக்கும் கருவை இந்த மருந்து பாதிப்பதில்லை. ஆனால் மருந்து உடலில் இருக்கும் காலத்தில் கரு தரித்தால், குறைந்த அளவில் சில நாட்கள் மாத்திரம் எடுத்திருந்தாலும்கூட, அந்தச் சிசுவின் மூளை, முகம், காது, இதயம் ஆகியவை உருவாவதில் கடுமையான குறைபாடுகள் ஏற்படலாம், கருச்சிதைவும் நேரலாம். அம்மா எங்கோ கேட்ட செய்தியின் வேர் இதுவாகத்தான் இருக்க வேண்டும். 1982 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட இந்த மருந்தை, இந்த ஓர் ஆபத்தின் காரணமாகவே அங்கு 2006 முதல் வைத்தியர், பாமசி, நோயாளி மூவரும் பதிவு செய்துகொண்ட பின்னரே வழங்குகிறார்கள்.

ஆகவே உங்கள் முன்னுள்ள கேள்வி நாட்காட்டியைப் பற்றியது. ஐசோட்ரெட்டினோயின், விற்றமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கி, பரு உருவாவதற்கான காரணங்களை ஏறத்தாழ வேரோடு தொடுகிற ஒரே மருந்து இதுதான். வழக்கமாக நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை கொடுத்து, சிகிச்சை முடியும்போது மொத்தம் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் சேரும்படி திட்டமிடுவார்கள். 55 கிலோ நிறையுள்ள உங்களுக்கு அந்த மொத்த அளவு 6,600 முதல் 8,250 மில்லிகிராம் வரை வரும். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் எடுத்தால் ஐந்தரை முதல் ஏழு மாதங்களில் முடியும். 30 மில்லிகிராம் என்றால் ஏழு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். 20 மில்லிகிராம் என்றால் ஒரு வருடத்தைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். உங்கள் நிபுணர் எந்த அளவில் தொடங்கி எங்கே உயர்த்த எண்ணுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். இறுதிக் கப்சியூலுக்குப் பிறகு ஒரு மாதத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 40 மில்லிகிராம் உங்களுக்கு ஒத்துக்கொண்டால் தைக்குள் எல்லாம் நிறைவடையக்கூடும். 30 மில்லிகிராம் என்றால் திருமணத்தின்போது நீங்கள் இன்னும் மருந்தில் இருக்கலாம். அப்படியானால் கருத்தடை இல்லாமல் ஒரு நாளும் கழியக் கூடாது என்பதை வருங்காலக் கணவருடன் இப்போதே பேசி முடிவுசெய்ய வேண்டும். அவருடன் பேசக் கூச்சமாக இருக்கிறது என்றால் மருந்தைத் திருமணம் கழித்து, குழந்தை பற்றிய உங்கள் திட்டம் தெளிவான பிறகு தொடங்குவதே நல்லது. கூச்சத்தின் காரணமாக ஒரு கருவை ஆபத்தில் விடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஆதரிக்க மாட்டேன்.

தொடங்குவதற்கு முன்பும் மாதந்தோறும் முடியும்வரையும் கருத்தரிப்புப் பரிசோதனை கேட்பார்கள். கலியாணம் ஆகாத பிள்ளையிடம் இதைக் கேட்பதா என்று அம்மா வருந்தலாம். இந்த மருந்தை எடுக்கும், கருத்தரிக்கும் வயதில் உள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்பது போலத்தான் உங்களிடமும் கேட்கிறார்கள். உங்கள் நடத்தையைப் பற்றிய சந்தேகம் அதில் இல்லை. வைத்தியரைச் சந்திக்கும்போது அவருடன் சில நிமிடங்கள் தனியாகப் பேச இடம் கேளுங்கள்.

மருந்தைத் தொடங்கும் முன் இன்னொரு விடயத்தையும் பார்க்க வேண்டும். தாடையோரப் பரு, இருபத்தைந்து வயதைக் கடந்தும் தொடர்வது, மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் கூடுவது ஆகியன ஹோர்மோன்களின் பங்கை உணர்த்தும் அடையாளங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருகிறதா, முகத்தில் தேவையற்ற உரோமம் வளர்கிறதா, நிறை ஏறுகிறதா என்று யோசித்து, ஆம் என்றால் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இத்தகைய பெண்களுக்கு ஸ்பைரோனோலெக்டோன் என்ற மாத்திரை அல்லது கூட்டுக் கருத்தடை மாத்திரை நன்றாக உதவலாம். ஸ்பைரோனோலெக்டோனும் கர்ப்ப காலத்தில் எடுக்கக் கூடாதது என்பதை மறக்க வேண்டாம். ஹோர்மோன் காரணம் தீர்க்கப்படாமல் ஐசோட்ரெட்டினோயினை மட்டும் எடுத்தால், முடித்த பின் பரு திரும்ப வருவதற்கான வாய்ப்பு அதிகம். கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: புறக்கோட்டைக் கடைகளில் லேபல் இல்லாமலோ உள்ளடக்கம் எழுதப்படாமலோ விற்கும் நிறம் வெளுக்கும் கிரீம் ஏதாவது பூசுகிறீர்களா? அவற்றில் ஸ்டீரோயிட்டோ பாதரசமோ கலந்திருக்கக்கூடும். ஸ்டீரோயிட் கிரீம் தானாகவே பருவை உண்டாக்கும். அதை விட்டால்தான் எந்தச் சிகிச்சையும் பலிக்கும்.

இவையெல்லாம் சரிபார்த்த பின்னும் வலியுடன் கூடிய கட்டிப் பருக்கள் தொடர்ந்து தழும்பிடுகின்றன என்றால், உங்கள் நிபுணரின் தெரிவு நியாயமானது என்றே நினைக்கிறேன். பரு ஆறிய இடத்தில் நம்முடைய தோலில் தங்கும் கருமை பல மாதங்களில் மங்கும். குழிவிழுந்த தழும்பு அப்படி மறைவதில்லை. இந்த மருந்தால் பழைய குழிகள் நிரம்பாது. புதிய குழிகள் விழாமல் தடுப்பதே இதன் பெரிய நன்மை. எனவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

எடுப்பதென்று முடிவானால் உதடு வறண்டு வெடிப்பது ஏறத்தாழ எல்லோருக்கும் நிச்சயம். முதல் நாளிலிருந்தே உதட்டுக்கு வஸலின் பூசுங்கள். கண் வறட்சி, மூக்கில் இரத்தம் கசிதல், மூட்டுவலி, தசைவலி சிலருக்கு வரும். முதல் சில வாரங்களில் பரு கூடுவதும் உண்டு. அதனால் மனமுடைய வேண்டாம். மருந்து கொழுப்புள்ள உணவுடன்தான் நன்கு உறிஞ்சப்படும். காலையில் தேத்தண்ணீருடன் விழுங்குவதை விட, தேங்காய்ப்பால் கறியுடன் மதியச் சோறு சாப்பிடும்போது எடுப்பதே பொருத்தம். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் என்ன செய்வதென வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஈரல் நொதிகளையும் இரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பின் அளவையும் தொடங்கும் முன்பும் பின்னரும் பார்ப்பார்கள். கடற்கரையோரம் நடக்கும்போது சன்ஸ்கிரீன் அவசியம்.

திருமண அலங்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஆறு மாதங்கள் வரையிலும் வெக்சிங் செய்யக் கூடாது. தோல் உரிந்து காயமாகும். முக லேசர், கெமிக்கல் பீல் ஆகியவற்றையும் நிபுணரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். அழகுக்கலை நிலையத்தில் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மனநிலையையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இந்த மருந்தால் மனச்சோர்வு ஏற்படுவதில்லை. பரு குறையும்போது மனம் தேறுபவர்களும் பலர். ஆயினும் சிலரில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் பதிவாகியிருப்பதால், முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பேச்சோ தூக்கமோ மாறினால் கவனிக்கும்படி அம்மாவையே கேட்டுக்கொள்ளுங்கள். பயத்தோடு உங்களைத் தடுப்பவர், உங்கள் கூடவே நின்று பார்ப்பவராக மாறினால் உங்களுக்கும் அவருக்கும் நன்மை.

கேள்வி: 33 வயது ஆண். முகத்திலும் முதுகிலும் பரு. டொக்ஸிசைக்கிளின் எடுக்கிறேன். ஜிம்முக்கு வரும் நண்பர் ஒருவர், தான் முடிக்காத ஐசோட்ரெட்டினோயின் கப்சியூல்களைத் தந்துள்ளார். இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா? மனைவி கர்ப்பமாக உள்ளார்.
– வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம் சகோதரரே. இந்த இரண்டையும் சேர்த்தால் மூளையைச் சுற்றிய திரவத்தின் அழுத்தம் கூடலாம். கடும் தலைவலி, மங்கலான பார்வை, வாந்தி அதன் அறிகுறிகள், சில வேளை பார்வைக்கே பாதிப்பு வரலாம். விற்றமின் ஏ மாத்திரைகளும் ஐசோட்ரெட்டினோயினுடன் சேரக் கூடாது. ஆண் எடுக்கும் மருந்து மனைவியின் கருவைப் பாதிப்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கர்ப்பிணி உள்ள வீட்டில் இந்தக் கப்சியூல்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. மிச்சத்தைப் பாமசியில் ஒப்படையுங்கள். வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். புரதப் பவுடர் குடிக்கிறீர்கள் என்றால் சில வாரங்கள் நிறுத்திப் பாருங்கள். அத்தகைய பவுடர்களில் உள்ள, பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரதத்தால் பரு கூடுபவர்கள் உண்டு. டொக்ஸிசைக்கிளினையும் மூன்று மாதங்களுக்கு மேல் நீங்களாகத் தொடர வேண்டாம். களுபோவில போதனா வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக் உங்களுக்கு அருகில் இருக்கிறது. அங்கே நிபுணர் ஐசோட்ரெட்டினோயினையே உங்களுக்கு எழுதினால், எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் இரத்ததானம் செய்யாதீர்கள். அந்த இரத்தம் யாரோ ஒரு கர்ப்பிணிக்குச் சென்று சேரக்கூடும்.