பதில்: ஐந்து வயது மகன் வாயைத் திறந்தபடியே தூங்குகிறான்

தங்கச்சி, டோன்சில் பெரிதாக இல்லை என்று டொக்டர் சொல்லியும் மகனின் குறட்டை நிற்கவில்லை, டிவி சத்தத்தையும் கூட்டி வைக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளுக்கும் இதே வயதில் இப்படித்தான் இருந்தது. அவளுக்கு அடினாய்டு பெரிதாகி மூக்கு வழி மூச்சை மறித்திருந்தது.

டோன்சில் வாயைத் திறந்தால் தெரியும். அடினாய்டு மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே மறைந்திருக்கிற சதை. டோர்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. எக்ஸ்ரே அல்லது மூக்கு வழியாக விடும் சிறிய கமராவில்தான் பிடிபடும். நடுக்காதிலிருந்து வரும் குழாயின் வாய் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அடினாய்டு பெரிதாகி அந்தக் குழாய் அடைபட்டால் காதுக்குள் நீர் தேங்கிக் கேட்பது மந்தமாகும். டிவி விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம்தான். சொல்வழி கேளாத பிள்ளை என்று அவனை ஏசாதீர்கள், பாவம்.

அம்மம்மா தரும் மல்லித்தண்ணி தொண்டைக்கு இதம், கொடுங்கள். ஆனால் அடினாய்டு அதனால் சுருங்காது.

இன்றிரவு அவன் தூங்கும்போது போனில் ஒரு வீடியோ எடுங்கள். மூச்சு இடையில் நின்று, திணறித் திரும்ப வந்தால் தள்ளிப்போட வேண்டாம். டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போய் அந்த வீடியோவைக் காட்டுங்கள், காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் ஒபரேஷன் தேவைப்படாது. சிலருக்கு மூக்கு ஸ்பிரேயே போதும், வளர வளர அடினாய்டு தானாகவும் சுருங்கும். என் மகளுக்கு ஒபரேஷன் செய்தார்கள், இப்போது வாயை மூடித் தூங்குகிறாள்.